விளம்பரம் வந்தால் தைலத்தை மூடும் பாட்டி

‘தன்கதை எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், சற்று நேரத்தில் வகுப்பு முழுக்கப் பேனாக்கள் பேசத் தொடங்கிவிடும். பேனா ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். லாரியில் ஏறிப் பட்டணத்துக் கடைக்கு வரும். கபிலன் என்னும் மாணவன் இரண்டு ரிங்கிட் கொடுத்து வாங்குவான். சில காலம் இன்பமாகக் கழியும். பிறகு மை தீர்ந்து, குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கும். பேனாவுக்குப் பதில் காலணி, குடை, புத்தகப்பை எதை வைத்தாலும் கதை மாறாது. வாங்குபவனும் அநேகமாகக் கபிலன்தான். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். 1988 முதல் 2019 வரை யூ.பி.எஸ்.ஆர். என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நடந்தது. ஆறாம் ஆண்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியாக வேண்டியிருந்தது. ஏற்கெனவே எழுதிப் பழகியதை எழுதுவதுதான் பிழையில்லாமல் எழுதச் சுலபமான வழி. மாதிரிக் கட்டுரை நூல்கள் நன்றாக விற்றன. பிள்ளைகளும் கெட்டிக்காரத்தனமாக மனப்பாடம் செய்தார்கள். 2021-இல் அரசாங்கம் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. தேர்வு போயிற்று, கபிலன் போகவில்லை.

நான் தமிழ் கற்பிப்பது ஜாசின் மாவட்டத்துச் செர்காம் வட்டாரத்தில். மலாக்காவிலிருந்து மூவாருக்குப் போகும் சாலையில், உம்பாயைத் தாண்டி, மெர்லிமாவுக்கு முன்னால் வரும் இடம். ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் கடல். மாலையில் கடற்கரைக் கடைகளில் மீன் சுடும் புகை எழும். பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. குலை வெட்டுபவர்களில் பலர் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் ஆயர் குரோ, பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்கிறார்கள், சிலர் லாரி ஓட்டுகிறார்கள். தாத்தா பாட்டிகளின் பேச்சில் மட்டும் தோட்டம் இன்னும் இருக்கிறது. எழுத இவ்வளவு கிடக்கும் ஊரில் இருந்துகொண்டு, பார்த்தேயிராத தொழிற்சாலையில் ஒரு பேனாவைப் பிறக்கவைப்பானேன்?

அதனால் காலையில் முதல் வேலை ‘நேற்று’ புத்தகம். அதில் மூன்றே வாக்கியம் எழுத வேண்டும். நேற்றுப் பார்த்ததோ, கேட்டதோ, தொட்டதோ எதுவானாலும் சரி. மட்டற்ற மகிழ்ச்சிக்கும் அளவில்லா ஆனந்தத்துக்கும் பொற்கதிர் பரப்பும் கதிரவனுக்கும் அந்தப் புத்தகத்தில் இடமில்லை. மரபுத்தொடரும் இணைமொழியும் உவமைத்தொடரும் பாடத்திட்டத்தில் இருப்பவை. அவற்றுக்கென்று தனி நேரம் உண்டு. அவை தாமாக வந்து வாக்கியத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும். கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைக்கிற வேலைதான் எனக்குப் பிடிக்காது.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி இப்படி எழுதிக்கொண்டு வந்தாள்: ‘என் பாட்டி நல்லவர். அவர் எனக்கு உணவு சமைப்பார். நான் என் பாட்டியை மிகவும் நேசிக்கிறேன்.’ இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பாட்டியும் இல்லை.

“பாட்டி நேத்து ராத்திரி என்ன பண்ணாங்க?” என்று கேட்டேன்.

“டிவி பாத்தாங்க டீச்சர்.”

“எப்படி உக்காந்து?”

“கால நீட்டிக்கிட்டு. முட்டியில தைலம் தேச்சுக்கிட்டு.”

“நாடகம் முடியிற வரைக்கும் தேச்சாங்களா?”

யோசித்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, வீட்டுக் கூடத்துக்கே போய்விட்டாள் என்று தெரிந்தது. பிறகு இடத்துக்குப் போய் எழுதினாள்: ‘பாட்டி முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே நாடகம் பார்ப்பார். நாடகத்தில் யாராவது அழுதால் தேய்ப்பதை நிறுத்திவிடுவார். விளம்பரம் வந்தால்தான் தைலத்தை மூடுவார்.’

நேசிக்கிறேன் என்ற சொல் காணாமல் போயிற்று. ஆனால் அந்த மூன்று வாக்கியத்தையும் படிப்பவர்கள், எழுதிய பிள்ளை பாட்டியின் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்திருந்தவள் என்று கண்டுகொள்வார்கள். நான் கற்றுக்கொடுத்தது ஒன்றுமில்லை. கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். படைப்பெழுத்துப் பாடத்தில் ஆசிரியரின் வேலையில் முக்கால்வாசி இதுதான் என்பது என் கட்சி. மீதிக் கால்வாசி, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. அது முன்னதைவிடக் கடினம்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963-இல் ‘டீச்சர்’ என்ற நூலை எழுதினார். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாத வாசிப்பு நூல்களை அவர் ஓரமாக வைத்துவிட்டார். ‘உனக்கு என்ன சொல் வேண்டும்?’ என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பேய், முத்தம் போன்ற சொற்கள் ஒரே நாளில் மனத்தில் பதிந்தன. மறுநாள் பிள்ளைக்கு நினைவில்லாத சொல்லென்றால் அந்த அட்டை தூக்கிப் போடப்படும். அந்தக் கறார் எனக்குப் பிடித்தது. என் வகுப்பில் அதற்கு வேறு வடிவம் கொடுத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பிள்ளையே ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, ‘இதைப் பக்கத்தில் இருப்பவனும் எழுதியிருக்க முடியுமா?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். முடியும் என்றால் அதன் கீழே ஒரு கோடு. கோடு போட்ட வாக்கியம் மறுமுறை எழுதும்போது மாற வேண்டும், இல்லாவிட்டால் போக வேண்டும்.

கற்பனை வறண்டுபோகாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நேற்று நடந்ததையே எழுதிக்கொண்டிருந்தால் கதை எப்படி வரும் என்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது.

ஒரு மாணவன், தாத்தாவிடம் தோட்டத்துக் கதைகள் கேட்டு வளர்பவன், ‘நான் ஒரு தள்ளுவண்டி’ எழுதினான். செம்பனைக் குலைகளை ஏற்றி மண்பாதையில் தள்ளிக்கொண்டு வருவார்களே, அந்த ஒற்றைச் சக்கர வண்டி. முதல் பிரதியில் அதுவும் தொழிற்சாலையில்தான் பிறந்தது. கடைசியில் துருப்பிடித்து அழவும் செய்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “ராத்திரியில வண்டிய எப்படி வைப்பாங்க?” அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். மறுநாள் புத்தகத்தில் இருந்தது இது: ‘இரவில் என்னைக் கவிழ்த்து வைப்பார்கள். நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கும், கொசு முட்டையிடும். அதனால் நான் நட்சத்திரங்களைப் பார்த்ததே இல்லை.’

கவிழ்த்து வைப்பார்கள் என்பது தாத்தா சொன்ன தகவல். கொசு, இந்த நாட்டில் டிங்கிக் காய்ச்சல் சுவரொட்டி பார்த்த எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்தது. நட்சத்திரம் அவனுடையது. முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது வந்திருக்காது.

மொழிக் கலப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும், கடையில் மலாயும், கைப்பேசியில் ஆங்கிலமுமாக வளர்கிறார்கள். முதல் பிரதியில் ‘பாசார் மாலாம்’ வந்தால் நான் தொடமாட்டேன். பேனா ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே கை நீட்டக் கூடாது. இரண்டாம் முறை எழுதும்போது ‘இரவுச் சந்தை’ என்று சேர்ந்து மாற்றுவோம். ஆனால் கதையில் பாட்டி தன் வாயால் ‘பாசார் மாலாம்’ என்று சொன்னால் அது அப்படியேதான் இருக்கும். பாட்டியைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.

லகர ளகர ழகரப் பிழையும் றகர ரகரப் பிழையும் நிறைய வரும். ஒரு பிரதியில் ஒரு வகைப் பிழையை மட்டும் வட்டமிடுவேன். மற்றவை சொல்வதெழுதுதல் நேரத்துக்குப் போகும். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால், அடுத்த வாரம் பிள்ளை தனக்குச் சரியாக எழுத வரும் சொற்களை மட்டுமே எழுதும். அங்கேதான் பாட்டி மறுபடி ‘நல்லவர்’ ஆகிறார்.

எழுதக் கற்றுக்கொடுப்பது நம் நாட்டுத் தமிழுக்குப் புதிதல்ல. 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். வாசகர்களுக்கு நாளிதழிலேயே பாடம் நடந்தது, எழுதி அனுப்பியவர்களுக்குத் தரமும் கிடைத்தது. மலேசியச் சிறுகதையின் வரலாற்றைப் பேசுபவர்கள் அந்த வகுப்பைத் தொடாமல் போவதில்லை. பெரியவர்களுக்குத் தரம் போட்டது சரி. சின்னப் பிள்ளைகளின் ‘நேற்று’ புத்தகத்தில் நான் தரம் போடுவதில்லை. வகுப்புசார் மதிப்பீட்டுக்கு 1 முதல் 6 வரை நிலை குறித்தாக வேண்டும். அதற்குக் கட்டுரைப் புத்தகம் இருக்கிறது. ‘நேற்று’ புத்தகத்துக்குக் கிடைப்பது கேட்க ஆள் மட்டும்தான். வெள்ளிக்கிழமை விரும்புகிறவர்கள் எழுந்து வாசிக்கலாம். இப்போதெல்லாம் என் கேள்விகளைப் பிள்ளைகளே கேட்டுவிடுகிறார்கள். “எந்தக் கையில பிடிச்சிருந்தாரு?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது.

150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்தக் கணக்கில் வருபவை. அதை ஒரு குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். மாணவர் குறைவது எனக்கும் கவலைதான். ஆனால் எழுத்துப் பாடத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச வாய்ப்பிருக்கும் வகுப்பு பெரிய பள்ளிகளுக்குக் கிடைக்காத வசதி. அதை வைத்துக்கொண்டு மாதிரிக் கட்டுரையைப் பார்த்தெழுதச் சொல்வது வீண்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாரக் கடைசியில் ‘நேற்று’ புத்தகம் வீட்டுக்கு வரும். பென்சிலை எடுத்துத் திருத்த வேண்டாம். அது என் வேலை. இரண்டு பக்கம் படியுங்கள். உங்களைப் பற்றியும் ஏதாவது எழுதியிருக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம். படித்து முடித்ததும், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் அதற்கான பதில் எழுதப்பட்டுவிடும்.