கொழுக்குமலை ஜீப்: முன்சக்கரத்தைத் திருகினால் டீசல் மிச்சமாகுமா?

அதிகாலை நான்கு மணி. சூரியநெல்லி ஜங்ஷனில் வரிசையாக ஜீப்புகள் உறுமிக்கொண்டிருக்கின்றன. டீக்கடை பாய்லரைச் சுற்றிக் குல்லாவும் சால்வையுமாக ஒரு கூட்டம். மதுரையிலிருந்து வந்திருக்கும் குடும்பம் ஒன்று பாதித் தூக்கத்தில் ஜீப்பில் ஏறி உட்காருகிறது. வண்டி கிளம்பி, தார்ச்சாலை முடிந்து எஸ்டேட் கல்பாதை தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. டிரைவர் குதித்து இறங்கி, முன்சக்கரத்தின் நடுவில் கையை வைத்து எதையோ திருகுகிறார். அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் போய் அதே வேலை.

"என்னண்ணா, டயர் லூஸா இருக்கா?" பின்சீட்டிலிருந்து கல்லூரிப் பெண்ணின் பதற்றக் குரல்.

"லூஸாத்தாம்மா இருந்துச்சு. இப்ப மாட்டிட்டேன்" என்கிறார் டிரைவர். அப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்ததும் சிரித்துவிடுகிறார். "பயப்படாதீங்க சார், இது ஹப்பு. முன்னாடி சக்கரமும் சேர்ந்து இழுக்கணும்ல, அதுக்குத்தான்."

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால், தேனியிலிருந்து நேராக வண்டியில் போக முடியாது. போடி, போடிமெட்டு, பூப்பாறை என்று கேரளாவுக்குள் நுழைந்து, சூரியநெல்லி வந்து, அங்கிருந்து மறுபடி தமிழ்நாட்டு மலைக்கு ஏற வேண்டும். சுமார் 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம், பழைய தொழிற்சாலை, புலி முகம் போலத் துருத்தி நிற்கும் பாறை, கீழே தேனிச் சமவெளியை மூடிய மேகக் கடல், அதிலிருந்து எழும் சூரியன். இதைப் பார்க்கத்தான் இத்தனை பேரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். கார் எல்லாம் இந்தப் பாதையில் சரிப்படாது. பாதை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். தலையளவு கற்களை யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் மட்டுமே ஏறும்.

அந்தத் திருகு விஷயத்துக்கு வருவோம். மாட்டு வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மாட்டு வண்டியில் அச்சு சுற்றாது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம், அச்சின் மேல் தானாக உருளும். ஜீப்பில் அப்படி இல்லை. சக்கரமும் உள்ளிருக்கும் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. ஃபோர் வீல் போடாமல், பின்சக்கரம் மட்டும் தள்ளி வண்டி ஓடும்போதும், உருளும் முன்சக்கரங்கள் தங்கள் ஷாஃப்ட்டைச் சுற்றும். அது கிரவுன் பல்சக்கரத்தைச் சுற்றும். அது நடுவில் இருக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றும். இழுக்கிற வேலை எதுவும் இல்லாமல் இத்தனை இரும்பும் கெட்டியான கியர் ஆயிலைக் கடைந்துகொண்டு சுற்றுகிறது. ஹப்பை 'ஃப்ரீ' பக்கம் திருப்பினால் இந்தப் பூட்டு விலகிவிடும். முன்சக்கரம் மாட்டு வண்டிச் சக்கரம்போலத் தனியாக உருளும். உள்ளே எல்லாம் ஓய்வெடுக்கும். 'லாக்' பக்கம் திருப்பினால் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளுக்கு இந்த வசதி கிடையாது. போர் முடிந்ததும் அந்த வண்டிகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்கள் சேற்றில் மட்டுமல்ல, சாலையிலும் ஓட்ட ஆசைப்பட்டார்கள். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948-ல் ஆரம்பித்த நிறுவனம் இந்த ஹப்பை விற்றுத்தான் பெயர் வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே மஹிந்திரா இங்கே வில்லீஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியிருந்தது. மலைப்பாதைகளில் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகள் அந்த வில்லீஸின் பேரன்கள். அவற்றில் பலவற்றில் ஹப் இல்லை. வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

சிக்கலே இந்த 'வேண்டுமென்றால்' என்ற வார்த்தையில்தான். மதுரைக் குடும்பத்தை ஏற்றிவந்த டிரைவர் ஹப் மாட்டியிருக்கிறார். அவருக்கு முன்னால் ஏறிக்கொண்டிருக்கும் ஜீப், அவருடைய மச்சானுடையது. அதில் ஹப் இல்லை. இருவருக்கும் இடையே இது பல நாள் வழக்கு.

"மச்சான், உன் வண்டி சும்மாவே டீசல் குடிக்குது. ஒரு செட்டு ஹப்பு வாங்கி மாட்டு."

"உனக்கு என்ன மிச்சமாச்சுன்னு மொதல்ல கணக்கச் சொல்லு. பள்ளிக்கூடம் தொறக்குற நேரத்துல பத்தாயிரத்த இதுல போடச் சொல்றியா?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் மச்சான் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஹப்பை ஃப்ரீயாக விடுவதால் மிச்சமாவது ஆயிலைக் கடையும் சக்தியும் பேரிங், சீல் இவற்றின் உராய்வும்தான். மலைச்சாலையில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் இது சொற்பம். தாராளமாக 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 100 ரூபாய், ஹப் செட் 10,000 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். கொழுக்குமலைக்கு மட்டும் ஓட்டும் மச்சான், ஒரு நாளைக்குத் தார்ச்சாலையில் 20 கிலோமீட்டர் போகிறார் என்றால் 2 லிட்டர் செலவாகும். அதில் 2 சதவீதம் 40 மில்லி. அதாவது நான்கு ரூபாய். போட்ட பணத்தை எடுக்க 2,500 நாள்கள் ஆகும். லீவே போடாமல் ஓட்டினாலும் ஏழு வருஷம்! கல்பாதையில் ஏறும்போது ஹப் பூட்டியே இருக்கும். அங்கே ஒரு சொட்டும் மிச்சமாகாது.

ஆனால், இந்த டிரைவரின் பிழைப்பு வேறு. வீடு போடியில். வாரநாள்களில் விடிவதற்கு முன்பே தூக்குவாளியுடன் காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போவார். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். ஒரு நாளில் 100 கிலோமீட்டர், அத்தனையும் தார்ச்சாலை. 10 லிட்டர் டீசலில் 200 மில்லி என்றால் 20 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 500 ரூபாய். இருபது மாதங்களில் ஹப் காசு திரும்பிவிடும். இதிலும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. ஆள்பாரத்தோடு மலையேறும்போது டீசலில் பெரும்பங்கு எடையை மேலே தூக்கத்தான் செலவாகிறது. ஹப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

மைலேஜ் கூடிவிட்டது என்று ஒருவரும், கூடவே இல்லை என்று இன்னொருவரும் சத்தியம் செய்வதற்கும் காரணம் இருக்கிறது. டயரில் காற்று குறைந்தாலோ, மேலே கேரியரில் மூட்டை ஏறினாலோ, பயணிகள் போட்டோ எடுக்கும்வரை இன்ஜினை அணைக்காமல் நின்றாலோ வரும் வித்தியாசத்தில் இந்த 2 சதவீதம் காணாமல் போய்விடும். தார்ச்சாலைக்கு வந்த பிறகும் ஃபோர் வீலை எடுக்க மறந்து கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பினால் இன்னும் மோசம். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். இரண்டும் பூட்டப்பட்டிருந்தால் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். டீசலும் போகும், டயரும் தேயும். ஹப் வாங்கக் காசில்லாதவர்கள் லிவரைச் சரியான இடத்தில் எடுத்தாலே பாதி லாபம்.

அப்படியானால் ஹப்புக்கு வேறு பலனே இல்லையா? இருக்கிறது. முன் ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டுகளும் குறைவாகத் தேயும். சத்தமும் அதிர்வும் குறையும். அதே நேரம், மாதம் ஒருமுறையாவது லாக் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஆயில் படாமல் காய்ந்துபோகும்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது மறதி. ஒரு மழைக்கால விடியலில் இதே டிரைவர் இடதுபக்கம் லாக் போட்டுவிட்டு, செல்போன் மணி அடித்ததால் வலதுபக்கத்தை மறந்துவிட்டார். பாதி மலையில் சேற்று வளைவு ஒன்றில் வண்டி ஏற மறுத்தது. ஒரு பக்கம் ஃப்ரீயாக இருந்தால் முன்பக்கத்துக்கு வரும் சுழற்சி எல்லாம் அந்த வெறும் ஷாஃப்ட்டைச் சுற்றுவதிலேயே போய்விடும். பூட்டிய சக்கரத்துக்கும் இழுவை கிடைக்காது. பயணிகளை மூடுபனியில் இறக்கி நிற்கவைத்துவிட்டு, சேற்றில் முழங்காலிட்டு ஹப்பைத் துடைத்துத் திருக வேண்டியதாயிற்று.

"ஏறும்போது மறந்தா அசிங்கத்தோட போச்சு சார். எறங்கும்போது மறந்தாத்தான் ஆபத்து" என்கிறார் அவர், மலை உச்சியில் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே. லோ கியரில் இறங்கும்போது இன்ஜினே நான்கு சக்கரங்களையும் பிடித்து நிறுத்தும். ஹப் ஃப்ரீயாக இருந்தால் பின்சக்கரங்கள் மட்டுமே பிடிக்கும். இறக்கத்தில் எடையெல்லாம் முன்பக்கம் சாய்வதால், லேசாகிப்போன பின்சக்கரங்கள் ஈரக்கல்லில் வழுக்கும். ஓரத்தில் பள்ளத்தாக்கு. அதனால் மேலே போனதும் ஹப்பைத் தொடவே மாட்டார். திரும்பத் தார்ச்சாலை வரும்வரை லாக்தான்.

சூரியன் வந்து, மேகம் கலைந்து, செல்போன்கள் எல்லாம் நிறைந்த பிறகு ஜீப்புகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஏறியதைவிட மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மா கைப்பிடியை விடவே இல்லை. அப்பா மட்டும் வளைவுக்கு வளைவு, "லாக்குலதானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்.

தார்ச்சாலை வந்ததும் வண்டி நிற்கிறது. டிரைவர் இறங்குவதற்குள் அந்தப் பெண் குதித்துவிடுகிறாள். "நான் திருப்பட்டுமாண்ணா?"

"திருப்பும்மா. ரெண்டு பக்கமும்."

அவள் இரண்டு கையாலும் பிடித்து வலதுபக்க ஹப்பைத் திருகிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்த மச்சானின் ஜீப் நிற்காமல் ஹாரன் அடித்துவிட்டு அவர்களைக் கடந்து போகிறது.