முதல் முறை



முதல் நாள் பள்ளிக்கூடம், முதல் முறை சைக்கிள் ஓட்டியது, மேடையில் முதல் பேச்சு. இதெல்லாம் நம் எல்லோருக்கும் உண்டு. சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வரும். வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். ஆனால் இரண்டாவது முறை அப்படி இருக்காது. ஏன்?

நம்ம ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்வேலிக்கும் ஒரு முதல் முறை உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அவர் அதைச் சும்மா விடாமல் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1961-ல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. 1962-ல் மின்சாரம் வந்தது.

எங்க வீட்டுக்குக் கரண்ட் வந்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான். முதல் நாள் பல்பு எரிந்தபோது, விளக்கு ஏற்றினால் கும்பிடுவது போல எங்க ஆயாவோட மாமியார் அதைக் கைகூப்பிக் கும்பிட்டாங்களாம். ஆயா இதைச் சொல்லும்போது இப்பவும் அவங்க முகம் மலரும். நாமோ தினமும் சுவிட்ச் போடுறோம், கும்பிடவா செய்யறோம்?

என்னோட முதல் முறையைச் சொல்கிறேன். போன வருஷம் கல்விச் சுற்றுலாவாக நெய்வேலி சுரங்கம் பார்க்கப் போனோம். எங்க அப்பா அங்கேதான் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்டு முடிந்து வந்தால் சட்டை முழுக்க மண்ணாக இருக்கும். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. சுரங்கம் என்றால் சினிமாவில் வரும் இருட்டுக் குகை என்று நினைத்திருந்தேன். அது வானம் பார்த்த பெரிய பள்ளம்! சக்கரத்தில் வாளிகள் வைத்த ராட்சத இயந்திரம் மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. அந்த மண் பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் தண்ணீர் பொங்கி வராமல் இருக்க, இரவும் பகலும் இறைக்கிறார்கள் என்று விளக்கினார்கள்.

கீழே லாரி எல்லாம் தீப்பெட்டி மாதிரி. ஆட்கள் எறும்பு மாதிரி.

"உங்க அப்பா எங்கடி?" என்று தோழி கேட்டாள். அந்தப் புள்ளிகளில் எது அப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பெருமையாக இருந்தது. தொண்டையும் அடைத்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. பழகிவிட்டால் நாம் எதையும் பார்ப்பதில்லை. முதல் முறைதான் முழுசாகப் பார்க்கிறோம். அதனால்தான் அப்படிப் படபடக்கிறது. அப்பா தினமும் வேலைக்குப் போவதைப் பார்த்தேன். ஆனால் அவர் வேலையைப் பார்த்தது அன்றுதான்.

1962-ல் தொடங்கிய அந்த முதல் மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஆயா மனசில் அந்த முதல் பல்பு இன்னும் எரிகிறது.

சுற்றுலா போய் வந்த மறுநாள் அப்பா நைட் ஷிப்டுக்குக் கிளம்பினார். "பார்த்துப் போப்பா" என்றேன். நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அப்பா ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி