பன்னிரண்டு ஜோடி சாட்சிகள்

மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. நோயாளி பேசுவான். சில சமயம் தேவைக்கு மேலேயே பேசுவான். தலை சுற்றுகிறது என்பான். எப்போது தொடங்கிற்று, முதல் நாள் என்ன சாப்பிட்டான், மாமியார் என்ன சொன்னாள் என்பது வரை சொல்லித் தீர்ப்பான். கால்நடை டாக்டருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. அவரிடம் வருகிற நோயாளி தலை சுற்றினால் விழும், அவ்வளவுதான். மிச்சத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்புச் சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்தது.

எங்கள் அண்டை வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். துணைக்கு இருப்பது மணி என்கிற நாட்டு நாய்தான். வயது 14. ஒரு நாள் காலையில் மணியால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் இடது பக்கமாகச் சாய்ந்து சுவரில் மோதியது. தலை இடப்புறம் கோணிக்கொண்டது. கண்மணிகள் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து, சட்டென்று மறுபக்கம் துள்ளின. வாயில் எச்சில் வழிந்தது.

தெருவில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. பக்கவாதம் என்றார் ஒருவர். வெறி பிடித்திருக்கிறது, கிட்டே போகாதீர்கள் என்றார் இன்னொருவர். "பதினாலு வயசாச்சு, ஸார். பேசாமல் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள். அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது" என்றார் மூன்றாமவர். தலைமையாசிரியர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஆட்டோ வந்ததும் மணியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பிய பிறகு, "அந்த ஊசிக்கு எவ்வளவு கேட்பார்கள்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். வேறு நாய் கடித்ததா, தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று முதலில் விசாரித்தார். ஆண்டு தவறாமல் போட்ட சீட்டைத் தலைமையாசிரியர் எடுத்துக் காட்டினார். அப்படியும் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டார். காரணம் உண்டு. வெறிநோய் கண்ட நாய்க்குச் சில சமயம் தாடை தொங்கிப்போகும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து, அதன் வாய்க்குள் கையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை.

மூளையிலிருந்து முகத்துக்கும் தொண்டைக்கும் நேராகக் கிளம்புகிற நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. நமக்கும் நாய்க்கும் அதே கணக்குத்தான். 1778-இல் சோமரிங் என்ற ஜெர்மானியர் போட்ட வரிசை இன்றும் மாறவில்லை. முதலாவது மோப்பம், இரண்டாவது பார்வை, எட்டாவது செவியும் சமநிலையும், பன்னிரண்டாவது நாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. நோயாளி வாய் திறக்காவிட்டால் என்ன? இந்தச் சாட்சிகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம் அல்லவா?

டாக்டர் தம் உள்ளங்கையை மணியின் கண்ணுக்கு நேரே கொண்டுபோனார். கண் இமைத்தது. இரண்டாவது நரம்பு பார்த்தது. ஏழாவது நரம்பு இமையை மூடிற்று. காற்றுப் படாமல் கையைக் கொண்டுபோக வேண்டுமாம். காற்றுப் பட்டால் குருட்டுக் கண்ணும் இமைத்துவிடும். ஏனென்றால் அதை உணர்வது ஐந்தாவது நரம்பு. இன்னொரு விநோதம்: பிறந்து சுமார் மூன்று மாதம் வரை நாய்க்குட்டி இந்தக் கைக்கு இமைப்பதில்லை. கண் தெரியாமல் அல்ல. ஓங்கிய கைக்குப் பயப்பட அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை!

பிறகு டார்ச் வெளிச்சம். ஒரு கண்ணில் அடித்தால் இரண்டு பாவைகளும் சுருங்கின. கண்ணின் ஓரத்தைத் தொட்டார், இமைத்தது. மூக்கின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தீண்டினார். மணி முகத்தை இழுத்துக்கொண்டது. தாடையின் பலம், நாக்கு, விழுங்குதல் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக மணியைத் தாங்கிப் பிடித்து, பாதத்தை மடக்கிப் புறங்காலைத் தரையில் வைத்தார். மணி உடனே அதைத் திருப்பி ஊன்றிக்கொண்டது. நான்கு கால்களிலும் அப்படியே.

"ஐயா, எட்டாவது நரம்பு ஒன்றுதான் தகராறு செய்கிறது" என்றார் டாக்டர். "மூளைக்குள் கோளாறு என்றால் பக்கத்து நரம்புகளும் சேர்ந்து கெட்டிருக்கும், பாதம் இப்படித் திரும்பாது. இது வெளியே, உள்காதுப் பக்கம். காதிலும் சீழ் இல்லை. வயதான நாய்களுக்குத் திடீரென்று இப்படி வருவதுண்டு. ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குறைய ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் நடந்துவிடும். குறையாவிட்டால் கொண்டு வாருங்கள், ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்."

"அப்போ அந்த ஊசி, அம்மா?"

"எந்த ஊசி? குமட்டலுக்கு ஒன்று போடுகிறேன். வேறு ஊசி எதுவும் வேண்டாம்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெகு நேரம் துடைத்தார்.

இந்த அறிவு சும்மா வந்துவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் காலன் என்ற கிரேக்க வைத்தியர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் நரம்பை வெட்டினார். பன்றியின் குரல் அடங்கிவிட்டது. குரல் இதயத்திலிருந்து வருவதாக நம்பிய காலம் அது. மூளையிலிருந்துதான் ஆணை வருகிறது என்று காலன் காட்டிவிட்டார். பத்தாவது நரம்பின் கிளை அது. வாயில்லாப் பிராணிகள் எத்தனையோ பட்ட வேதனைக்குப் பிறகே, இன்று ஒரு டார்ச்சையும் பஞ்சுக் குச்சியையும் வைத்துக்கொண்டு மூளையின் வாசலில் நின்று விசாரிக்க முடிகிறது. அந்தக் கடனில் ஒரு சிறு பகுதி மணியின் பேரில் திரும்பி வந்ததாக நான் எண்ணிக்கொள்கிறேன்.

நான்காம் நாள் மணி எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. மூன்றாம் வாரம் தெருமுனை டீக்கடை வரை நடந்தது. தலை மட்டும் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தே நின்றுவிட்டது. காலையில் தலைமையாசிரியர் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பார். மணி எதிரே உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கும்.

"முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தினேன், ஸார். இவ்வளவு கவனமாக ஒரு பையனும் கேட்டதில்லை" என்கிறார் அவர்.