தபால் செக்‌ஷனும் பேரனின் மீட்டரும்

"மூணு நாளா மீட்டர் பதிலே சொல்லல தாத்தா" என்றான் பேரன். விடுமுறைக்குக் கிழக்குத் தாம்பரம் வந்தவன், சாப்பாட்டு மேஜையில் ஒரு மின் மீட்டரையும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டையும் கம்பியால் இணைத்து வைத்திருந்தான்.

புரோகிராமில் 'ஆஸ்பெக்ட்' போட்டானாம். பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'அஸ்பே', அதாவது தோற்றம். ரயில்வேக்காரர்களுக்கு சிக்னல் காட்டும் நிறம். இவனுடையது வேறு.

எங்கள் ஆபீசில் ஒரு காலத்தில் ஒவ்வொரு செக்‌ஷனும் தானே கடிதத்துக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றியது. பிறகு அத்தனையும் தபால் செக்‌ஷனுக்குப் போயிற்று. நாங்கள் விஷயத்தை மட்டும் பார்த்தோம். இதுவும் அப்படித்தான். எல்லா இடத்திலும் தலைகாட்டும் வேலைகளை (நேரம் குறிப்பது, பிழை பார்ப்பது) தனியே எழுதி, 'இன்ன இடங்களில் இது நடக்கட்டும்' என்று ஓர் ஆர்டர் போட்டுவிடுவது. 1997-ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் கிரெகர் கிச்சாலஸ் குழு வெளியிட்ட யோசனை. இவன் எழுதும் சி++ மொழிக்கும் ஆஸ்பெக்ட்சி++ என்று ஒன்று உண்டு.

மீட்டர் பேசுவது மோட்பஸ், 1979-ல் வந்தது. அதில் மௌனத்துக்கும் பொருள் உண்டு. மூன்றரை எழுத்து நேரம் கம்பி சும்மா இருந்தால் செய்தி முடிந்தது என்று அர்த்தம். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அது சுமார் 4 மில்லி செகண்ட். பேரனோ, ஒவ்வொரு பைட் போனதும் ஒரு வரி குறிப்பு எழுதச் சொல்லியிருந்தான். அதே வேகத்தில் 20 எழுத்து எழுதவே 20 மில்லி செகண்ட் ஆகும். முதல் பைட்டோடு பேச்சு முடிந்தது என்று மீட்டர் நினைத்துவிட்டது.

எனக்கு ஒரு விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. கணவரை இழந்த ஓர் அம்மா குடும்ப ஓய்வூதியம் கேட்டு அனுப்பியது. தபாலில் புதிதாக வந்தவர் இணைப்புத் தாள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டுவிட்டார். விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. இறப்புச் சான்றிதழ் வேறு செக்‌ஷனுக்குப் போயிற்று. 'இணைப்பு இல்லை' என்று எழுதித் திருப்பியவன் நான்தான். எண்ணும் முத்திரையும் ஒழுங்காகவே இருந்தன. அந்த அம்மாவுக்குப் பணம் வர மேலும் நாலு மாதம் ஆயிற்று.

"தாளுக்குத் தாள் வேண்டாண்டா, உறைக்கு ஒண்ணு போடு" என்றேன்.

முழுச் செய்தி புறப்படும் முன் ஒரு குறிப்பு, பதில் வந்த பின் ஒரு குறிப்பு என்று மாற்றினான். மீட்டர் பேசியது.

சாப்பிடும்போது அந்த அம்மா கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க தபால் செக்‌ஷன்ல போய்த் தேடலையா தாத்தா?" என்றான்.

தேடியிருக்கலாம். பத்தடி தூரம்தான்.