கவுண்டி என்றொரு கட்டம்

ஓல்டமில் ஒரு வருடம் ஆன்சைட் வேலை. பில் அனுப்பும் மென்பொருளில் முகவரிப் பக்கம் என் பொறுப்பு. பரோவைத் தேர்ந்தெடுத்தால் கவுண்டி தானாக வந்து விழும்படி எழுதியிருந்தேன். ஓல்டம் என்றால் கிரேட்டர் மான்செஸ்டர், மாற்ற முடியாது. பிள்ளைக்கு ஒரே அப்பன்தானே என்ற தைரியம்.

இரண்டாவது வாரம் ஒரு பில் தபாலில் திரும்பி வந்தது. 'கிரேட்டர் மான்செஸ்டர்' என்பதை நீல மையால் அடித்து, மேலே 'யார்க்‌ஷயர்' என்று எழுதியிருந்தார் அப்பர்மில்காரர் ஒருவர். கூடவே ஒரு துண்டுச்சீட்டு. பிறந்த வீட்டிலேயேதான் இன்னும் இருக்கிறேன், இடம் மாறியது நானல்ல என்று.

சென்னையில் இருந்த என் லீட் அதன் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "விட்றா, பெருசு எதையோ கொழப்பிக்குது. ரயில் ஏறுனா அரைமணில மான்செஸ்டர். அதுல என்ன யார்க்‌ஷயர்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் ஒரு சனிக்கிழமை கிரீன்ஃபீல்ட் ஸ்டேஷனில் இறங்கி, கால்வாய்க் கரையோடு நடந்தேன். அப்பர்மில், டாப்கிராஸ், டெல்ஃப், டிகில் எனப் பல கிராமங்கள் சேர்ந்ததுதான் சாடில்வொர்த். கருங்கல் வீடுகள், மேலே பென்னைன் மலையின் மொட்டைப் புல்வெளி. தண்ணீரைக் கேட்டால் அது லீட் பக்கம்தான் பேசும். இங்கே ஓடும் டேம் ஆறு மேற்கே இறங்கி, ஸ்டாக்போர்ட்டில் மெர்சியாகி, லிவர்பூலில் கடல் சேர்கிறது. யார்க்‌ஷயரின் மற்ற ஊர்களெல்லாம் பெரும்பாலும் மலைக்கு அந்தப்புறம். இது மட்டும் முகட்டைத் தாண்டி இந்தப்பக்கம் வழிந்து கிடக்கிறது. இருந்தும் பல நூற்றாண்டுகள் யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங்கில்தான் இருந்தது. அதே காலத்தில் தேவாலயக் கணக்கில் லங்காஷயரின் ராச்டேல் பங்கைச் சேர்ந்தது! ஆறு ஒரு பக்கம், சர்ச் ஒரு பக்கம், வரி ஒரு பக்கம். யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. என் டேபிளுக்குத்தான் அது தாங்காது.

1972-இல் போட்ட சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது (தேதி அவர்கள் தேர்ந்தெடுத்தது). ஓல்டம், சாடர்டன், கிராம்ப்டன், ஃபெயில்ஸ்வொர்த், லீஸ், ராய்டன் என்று ஆறு லங்காஷயர் ஊர்களோடு சாடில்வொர்த்தையும் சேர்த்து ஒரே மெட்ரோபாலிட்டன் பரோ ஆக்கினார்கள். அப்படிப் பத்துப் பரோக்கள் சேர்ந்தது கிரேட்டர் மான்செஸ்டர். அதன் கவுண்டி கவுன்சில் 12 வருடம்தான் தாங்கியது. 1986-இல் கலைத்து, வேலைகளைப் பெரும்பாலும் பரோக்களிடமே கொடுத்துவிட்டார்கள். 2011-இல் கூட்டு ஆணையம், 2017-இல் மேயர் என்று வேறு உருவில் திரும்பி வந்தது வேறு கதை.

டிகிலில் ஸ்டாண்டெட்ஜ் சுரங்கத்தின் வாயில் வெகுநேரம் நின்றேன். பிரிட்டனின் மிக நீளமான கால்வாய்ச் சுரங்கம் அது. 1811-இல் திறந்தது, மலையைக் குடைந்து ஐந்து கிலோமீட்டர். மறுமுனை மார்ஸ்டன். வெட்டியபோது இரண்டு வாயும் யார்க்‌ஷயர். இப்போது படகு ஓல்டம் பரோவில் நுழைந்து கர்க்லீஸ் பரோவில் வெளியே வருகிறது.

கிரிக்கெட் மட்டும் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை. சில விதிவிலக்குகள் தவிர, யார்க்‌ஷயருக்கு ஆட அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த மண்? பழைய எல்லைக்குட்பட்ட மண். 1974-க்குப் பிறகு பிறந்த சாடில்வொர்த் பையனுக்கும் அது பொருந்தியது. 1992-இல் அதைத் தளர்த்தி, வெளிநாட்டிலிருந்து அழைத்து வந்து ஆட வைத்த முதல் ஆள் நம்ம டெண்டுல்கர்.

திங்கட்கிழமை லீடிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கற?" என்றான். தேடிப் பார்த்தால், தபாலுக்குக் கவுண்டி பெயர் தேவையில்லை என்று ராயல் மெயில் 1996-லேயே சொல்லிவிட்டது. நான் உழைத்துச் செய்த அந்தக் கட்டத்துக்கே வேலையில்லை. தூக்கிவிட்டோம்.

அடுத்த மாதம் அவருடைய பணம் கட்டும் சீட்டு வந்தது. ஓல்டம் என்ற வரிக்கும் பின்கோடுக்கும் நடுவே கிடைத்த சின்ன இடத்தில், அதே நீல மையில், 'யார்க்‌ஷயர்'.