இறம்பொடை வளைவுகளில் ஒரு பழைய கார்

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் பாதையை அறியாதவர்கள் நம் வாசகர்களில் குறைவாகவே இருப்பர். ஏப்ரல் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வேன் பிடித்துப் போயிருப்பீர்கள். திரும்பும்போது வளைவுக்கு வளைவு பிள்ளைகள் வாந்தியெடுக்க, தேசிக்காயை முகரக் கொடுத்துக்கொண்டே, இன்னும் எவ்வளவு தூரம் என்று சாரதியைக் கேட்டிருப்பீர்கள். நானும் அந்த 77 கிலோமீட்டரை பஸ் ஜன்னலால் எத்தனையோ தடவை பார்த்தவன்தான். ஆனால் அதைக் காலாலும் காதாலும் அறிந்துகொண்டது 2019 பெப்ரவரியில் ஒரே ஒரு நாளில்.

என் மனைவியின் வாப்பா நுவரெலியாவில் நாற்பது வருடம் கராஜ் நடத்தியவர். 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, ஊர் திரும்பிய ஆங்கிலேயத் துரை ஒருவரிடமிருந்து ஒரு காரை வாங்கினார். 1958 இல் செய்யப்பட்ட எம்.ஜி.ஏ. ரகம். இருவர் மட்டுமே அமரக்கூடியது. துணிக் கூரை. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்துத்தான் திறக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்டுக்கு அருகேயுள்ள அபிங்டனில் 1955 முதல் 1962 வரை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாக இவற்றைச் செய்தார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போய்விட்டன. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934 இலேயே தொடங்கிவிட்டதால், இப்படிப்பட்ட கார்கள் அவ்வூருக்குப் புதியவை அல்ல. மாமா போட்டியில் ஓடியவரல்லர். ஓடியவர்களின் கார்களைத் திருத்தியவர்.

அவருடைய இடது முழங்கால் தேய்ந்து, கிளட்ச் மிதிக்க முடியாத நிலை வந்தது. இரண்டு வருடம் கார் சும்மா நின்றது. பின் கண்டியில் ஒருவர் வாங்கச் சம்மதித்தார். லொறியில் ஏற்றி அனுப்புவோம் என்றோம். "ஓடி வந்த கார், ஓடித்தான் போகணும்" என்றார் மாமா. மச்சான்மார் இருவரும் கட்டாரில். ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்தது. கியர் மாற்றத் தேவையில்லாத ஜப்பான் காரில் மத்ரஸாவுக்குப் போய் வருகிற எனக்கு!

பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டோம். இடப் பக்கத்தில் மாமா. பின்னால் வேனில் மாமியும் என் மனைவியும் பிள்ளைகளும். ஊரைத் தாண்டிச் சற்று ஏறும் வரை குறையில்லை. கணவாயைக் கடந்து இறக்கம் தொடங்கியதும்தான் என் வித்தை வெளுத்தது.

இங்கே சகோதரிகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கியர் பொக்ஸினுள்ளே இரண்டு பக்கங்கள் சுழல்கின்றன. ஒன்று கிளட்ச் வழியாக என்ஜினோடு சேர்ந்தது. மற்றது சில்லுகளோடு சேர்ந்தது. மணிக்கு 30 மைல் வேகத்தில் இந்தக் காரின் என்ஜின் மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2400 தடவை சுழலும். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கினால் 3900 அளவில் சுழன்றாக வேண்டும். இடையிலுள்ள இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டாமல் கியரைத் தள்ளினால் பற்கள் ஒன்றோடொன்று மோதி நறநறக்கும். சிறுமிகள் இருவர் கயிறு சுழற்ற, மூன்றாவது பிள்ளை உள்ளே பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை கயிற்றின் தாளத்தைப் பார்த்துத் தன் உடம்பை இரண்டு தரம் ஆட்டிவிட்டே பாயும். தாளம் தப்பினால் கயிறு காலில் அடிக்கும்.

1928 இல் அமெரிக்கக் கடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாடு வந்தது. பற்கள் சேருமுன் ஒரு வளையம் உரசி, இரு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். எம்.ஜி.ஏ.யில் முதலாம் கியருக்கு இந்த வளையம் இல்லை. மற்ற மூன்றுக்கும் உண்டு. ஆனால் மாமாவின் காரில் இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்து பெயருக்குத்தான் இருந்தது. (வாங்குபவரிடம் இதை முதலிலேயே சொல்லி, விலையில் ஒரு தொகையையும் அவர் குறைத்திருந்தார்.) ஆகவே கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும். ஒருமுறை மிதித்துக் கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, எக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி என்ஜினை உறும வைத்து, மறுபடி மிதித்து, இரண்டாம் கியரில் போட வேண்டும். சொல்லும்போது நீளமாக இருக்கிறது. ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டிய காரியம்.

நான் அவசரப்பட்டேன். கியர் நறநறத்தது. "தள்ளாதீங்க, தள்ளாதீங்க! அது என்ன கதவா?" என்று மாமா சத்தமிட்டார். சத்தம் போடப் போட என் கை இறுகியது. ஒரு வளைவுக்கு முன்னே மூன்றிலிருந்து எடுத்துவிட்டேன், இரண்டில் விழவில்லை. கியர் நடுவில் நின்றது. என்ஜினின் பிடி விட்டதும் கார் இலேசாகி, தானே ஓடத் தொடங்கியது. எதிரே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி வளைந்து வருகிறது. பிரேக்கை முழு உடம்பாலும் மிதித்தேன். இந்த 1958 மாதிரியில் நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக்தான்; சூடேறினால் அதன் பிடி குறைந்துகொண்டே போகும். ஏற்கெனவே கருகல் வாடை வந்துகொண்டிருந்தது. பஸ்காரர் ஓரம் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். அதுவரை கியரை மெதுவாகப் போடுவது கைவித்தை, காருக்குச் செய்யும் மரியாதை என்று மட்டும் நினைத்திருந்தேன். இறக்கத்தில் காரைப் பிடித்து வைத்திருப்பது என்ஜின்தான். அந்தப் பிடி கியரில் இருக்கிறது.

லபுக்கலையில் நிறுத்தினோம். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை, கீழே மூடுபனி. பிள்ளைகள் பிளேன்டீயோடு கேக் கேட்டு அடம்பிடித்தார்கள். என் கை நடுங்கியதில் கோப்பையிலிருந்து சாயம் சிந்தியது. காலை நீட்டி அமரும் அந்தத் தாழ்ந்த ஆசனத்தில் மாமாவின் முழங்காலும் வலியெடுத்துவிட்டது. அவர் வேனின் முன் ஆசனத்துக்குப் போனார். முந்தானையை இறுக்கிக்கொண்டு மாமி வந்து காரில் ஏறினார். அவர் எதற்கு என்று நினைத்தேன். துணைக்கு என்றே கருதினேன்.

இறம்பொடை வரையுள்ள கொண்டையூசி வளைவுகள் இனித்தான். முதல் வளைவு நெருங்கியது. மாமி முன்னே பாதையைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்திருந்தார்.

"மகன், ஒருக்கா உறும விடுங்க... அது குறைய விடுங்க... இப்ப."

கியர் விழுந்தது. சத்தமே இல்லை. வெண்ணெய்க் கட்டியில் கத்தி இறங்கியது போல. என்ஜின் முனகிக் காரைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை நான் தொடவேயில்லை. அடுத்த வளைவிலும் அதே சொல்: "இப்ப." நாலாவது வளைவில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே கேட்டேன், அந்த இறங்கும் உறுமலை.

நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில், "இதெல்லாம் எங்கே படிச்சீங்க மாமி?" என்றேன்.

சொன்னார். 1979 இல் கராஜில் ஜாக்கி வழுக்கி மாமாவின் இடது கை முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதே நாட்களில் கம்பளையில் மாமியின் உம்மா படுக்கையில். வேறு வாகனம் பிடிக்கக் கையில் காசில்லை. மாமா வலக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, காலால் கிளட்சை மிதிப்பார். இடப் பக்கத்தில் இருந்து மாமி தன் வலக் கையால் கியரைப் போடுவார். இந்தப் பாதையில், இந்த வளைவுகளில், வாரம் இருமுறை! (யாரும் செய்து பார்த்துவிடாதீர்கள். பொலிஸார் கண்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.) முதலில் 'ரெண்டு', 'மூணு' என்று மாமா கூப்பிட்டாராம். "மூணாம் பயணத்திலே பேச்சு நின்டு போச்சு. அவர் கால் எடுக்கிற சத்தம் எனக்குத் தெரியும். என் கை போற நேரம் அவருக்குத் தெரியும்."

"சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது எனக்கு" என்று சிரித்தார்.

கொத்மலை நீர்த்தேக்கம் இடையிடையே மின்னியது. 1985 இல் அது நிரம்பியதை மாமியும் மாமாவும் இந்தக் காரில் வந்துதான் பார்த்தார்களாம். புசல்லாவைக் கடைத்தெருவில் பையன்கள் காருக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். கம்பளையில் ஒரு குறுக்குத் தெருவைக் கடக்கும்போது, "உம்மாட மவ்த்துக்கும் இதிலேதான் வந்த" என்றார். நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதன் பின் பேராதனை வரை சமதரை. சொல்ல ஒன்றுமில்லை, வாகன நெரிசலைத் தவிர.

கண்டியில் வாங்குபவரின் வீட்டு முற்றத்தில் அஸருக்கு முன்பே கணக்கு முடிந்தது. மாமா சாவியைக் கொடுத்து, எண்ணெய், தண்ணீர், ஆரம்பக் குமிழை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது வரை சொன்னார். வீட்டுக்காரரின் மகன் ஆசையோடு ஏறினான். நாங்கள் வேனுக்குப் பக்கத்தில் நின்றோம். கார் வாசலைத் தாண்டி மேட்டில் ஏறியது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்திருப்பான் போலும். நறநறவென்று தெருவே கேட்டது.

"பொறுத்துப் போடுங்க தம்பி!" என்று மாமா கத்தினார். அவனுக்குக் கேட்டிருக்காது.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. தொங்கவிட்டிருந்த அவருடைய வலக் கை மட்டும் சற்றே அசைந்து, ஒரு சாண் பின்னால் வந்து நின்றது.