விளையாட்டுப் பெட்டியும் என் மகளும்

கிட்டிப்புள்ளும் எட்டுக்கோடும் ஆடி வளர்ந்தவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகளின் விளையாட்டு முழுவதும் உள்ளங்கை அளவுக் கண்ணாடிக்குள் புகுந்துவிட்டது. பக்கத்தில் தங்கை இருப்பதும் தெரியாது. உம்மா கூப்பிடுவதும் கேட்காது. இந்தக் கவலை இல்லாத வீடு ஏது, சகோதரிகளே?

நயினாதீவில் இருக்கும் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைகளின் வாப்பா கட்டாரில். பதினேழு வயது மகன் போனே கதியென்று கிடந்தான். "உம்மா, அடுத்த கட்டத்துக்குப் போகக் காசு கட்ட வேணும்" என்று ஒரு நாள் கேட்டான். மறுத்துவிட்டேன். நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து ராத்தா மகன் விடுமுறைக்கு வந்தான். அவன் பையில் வங்கி அட்டை அளவில் ஒரு பச்சைப் பலகை. "சாச்சி, இது முழுக் கணினி" என்றான். ராஸ்பெரி பை என்று பெயராம். பிள்ளைகள் குறைந்த செலவில் கணினி படிக்க வேண்டுமென்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012 பெப்ரவரி 29இல் 35 டொலர் விலையில் வெளிவந்தது. இதைப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு பிடியும் பொத்தான்களும் பூட்டினால், எந்த வீட்டுத் தொலைக்காட்சியிலும் செருகி அந்தக் கால விளையாட்டுகளை ஆடலாம் என்றான்.

அந்தக் கால விளையாட்டு என்றால், காசு போட்டு ஆடும் அலுமாரி போன்ற இயந்திரங்களில் வந்தவை. 1978இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தின் நிஷிகாதோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். 1980இல் நாம்கோவின் 'பேக்-மேன்' வந்தது. ஆண்களே நிறைந்திருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்பதற்காகவே, அதைச் சுடுகிற விளையாட்டாக இல்லாமல் தின்னுகிற விளையாட்டாக அமைத்தார் தோரு இவாதானி. இவற்றுக்கு இணையம் தேவையில்லை. விளம்பரம் குறுக்கிடாது. ஆட்டம் முடிந்தால் முடிந்ததுதான். அடுத்தவர் கைக்குப் பெட்டி போய்விடும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே கேட்டேன்: "அடுத்தவர் உடைமையைக் கேளாமல் எடுக்கிற வேலையா மகன் இது?" அவன் மறைக்கவில்லை. பழைய விளையாட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் உரிமையாளர் உண்டு. இணையத்தில் கிடக்கிறது என்பதால் நமக்கு ஆகுமாகிவிடாது. ஆனால் 1981இல் வந்த 'ரொபி ரொட்டோ' போன்ற சிலவற்றை, வியாபாரம் செய்யாமல் ஆடலாம் என்று உரியவர்களே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 1997இல் தொடங்கிய 'மேம்' என்ற மென்பொருள் அவற்றைக் கணினியில் ஓடவைக்கிறது. அவற்றோடு நிறுத்திக்கொள்வது, மிச்சத்தை நாமே எழுதப் பழகுவது என்று முடிவாயிற்று.

பழைய அலுமாரிக் கதவின் பலகையில், தச்சரைக் கொண்டு 30 மில்லிமீற்றர் துளைகள் போட்டோம். பிடியின் அடியில் நான்கு சிறு சுவிச்சுகள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கத்துச் சுவிச் 'டிக்' என்று அமுங்கும். பொத்தான்களும் அப்படியே. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் தனியாக இணைப்புப் பலகைக்குப் போகும். மற்ற வயரை எல்லாவற்றுக்கும் பொதுவாக, மாலை கோப்பதுபோல் கோத்துவிடலாம்.

இங்கேதான் என் மகள் வந்து சேர்ந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருப்பவள். நானாவின் கை நடுங்கி ஈயம் சிந்திய இடத்தில், சட்டைக்கு மணி கோத்துப் பழகிய அவள் விரல்கள் நிதானமாகப் பிடித்தன. "பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்றார் மாமி. "அடுப்பில் நெருப்போடு நிற்கலாம், இதில் நிற்கக் கூடாதா மாமி?" என்றேன். மாமி சிரித்துவிட்டார்.

தாய்மார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஈயம் உருக்குவதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகர விடாதீர்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பவர் பேங்கை உடைக்கவோ துளைக்கவோ கூடாது. முழுதாகவே பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

அந்தப் பவர் பேங்க் எங்களுக்கு அவசியமாயிற்று. மின்சாரம் சட்டென்று நின்றால் கணினியின் நினைவட்டை பழுதாகக்கூடும். உப்புக் காற்றில் வயர் முனைகள் பச்சை பிடிப்பது வேறு; அதை மாதம் ஒருமுறை துடைப்பது மகளின் பொறுப்பு. 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டார்கள் நம் மக்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "அதையும் செய்து பார்ப்போம்" என்றான் மகன். அவன் என்னோடு பேசத் தொடங்கியிருந்தான்.

இப்போது மாலையில் பெட்டி வீடு வீடாகப் போகிறது. மச்சிமாரின் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து முறை வைத்து ஆடுகிறார்கள். போன் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்திருக்கிறது.

நான் எண்ணிப் பாராத கேள்வி மகளிடமிருந்து வந்தது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்க வேண்டுமாம். 2013இல் தொடங்கிய பிரிவு அது. அதற்காக யாழ்ப்பாணம் போக வேண்டும். தினமும் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ் என்பது முடியாத காரியம். ராத்தா வீட்டில் தங்க வேண்டும். வாப்பாவிடம் போனில் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "பெட்டியில் ஈயம் பிடித்தது யார்?" என்று கேட்டார். "மகள்தான்" என்றேன். "அப்படியென்றால் போய்ப் படிக்கட்டும்" என்றார். மாமி இன்னும் சம்மதிக்கவில்லை. இன்ஷா அல்லாஹ், அவரும் மனம் இரங்குவார்.

உங்கள் வீட்டில் பழுதான ரேடியோவோ டோர்ச் லைட்டோ கிடந்தால், சகோதரிகளே, பெண்பிள்ளை கையிலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.